மார்கரெட் சாங்கர் அம்மையார்

படை நடத்திப் பேர்பெற்றோர் வரலாறும், கடல் கடந்து புதுநிலம் கண்டோர் வரலாறும் நம் மாணவர் நன்கு அறிந்தவை. தாய்மார் தம் உடலைப் பற்றிய அறிவைத் தாமே பெறுதல் வேண்டும் என்னும் ஒரே நோக்கத்தை மேற்கொண்டு, நாடு விட்டு ஓடியும், மீண்டு வந்து சிறை புகுந்தும், ஐம்பதாண்டு காலம் ஓயாது வாதாடியும் வாழ்ந்த ஒரு தாதியின் வரலாறு அத்துணை அறியப்பட்டதன்று. இக்காலத்தில் பல நாடுகளில் ஒரு பெண் மருந்துக் கடைக்குச் சென்று கருத்தடை மாத்திரையைக் கேட்டு வாங்குதல் மிக எளிய செயலாகத் தோன்றுகின்றது. அவ்வெளிய செயலுக்குப் பின்னே எத்தனை வழக்குகளும் எத்தனை பூட்டிய கதவுகளும் இருந்தன என்பதை உணர்த்த வல்லது மார்கரெட் சாங்கர் அம்மையாரின் வாழ்க்கை. அது புகழும் பழியும் விரவிய வாழ்க்கையாகும். இரண்டையும் மறையாது கூறுதலே முறை.

பிறப்பும் இளமையும்

அம்மையார் 1879-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் 14-ஆம் நாள், அமெரிக்க ஐக்கிய நாடுகளுள் நியூயார்க் மாகாணத்தைச் சேர்ந்த கார்னிங் என்னும் ஊரில் பிறந்தார். தந்தையார் மைக்கேல் ஹிக்கின்ஸ் அயர்லாந்துக் குடியினர். கல்லறைகளில் நாட்டும் கற்களைச் செதுக்கும் தொழிலாளர். தாம் நம்பியதை எவர்க்கும் அஞ்சாது பேசும் இயல்பினர். அவ்வியல்பு ஊராரின் வெறுப்பை வளர்த்தமையால் தொழில் குன்றிற்று. வீட்டில் வறுமை நீங்கவில்லை. தாயார் ஆன் அம்மையார் பதினெட்டு முறை கருவுற்றுப் பதினொரு மக்களைப் பெற்றவர். அப்பதினொருவருள் மார்கரெட் ஆறாமவர். இடையறாத பிரசவத்தாலும் காச நோயாலும் நலிந்த அத்தாய் 1899-இல் ஏறக்குறைய ஐம்பது வயதில் உயிர் நீத்தார். பதினெட்டு முறை கருவுற்றதே தாயாரின் உயிரைக் குடித்தது என்னும் எண்ணம் மகளின் உள்ளத்தில் வேரூன்றி, இறுதி வரையில் அகலவில்லை.

தமக்கையர் பொருளுதவியால் கிளாவராக் என்னும் ஊர்க் கல்விச்சாலையில் சில காலம் பயின்ற மார்கரெட், பின்னர் ஒயிட் பிளெயின்ஸ் என்னும் ஊரின் மருத்துவமனையில் தாதித் தொழிற் பயிற்சி பெற்றார். 1902-இல் வில்லியம் சாங்கர் என்னும் கட்டடக் கலைஞரை மணந்து மூன்று மக்களுக்குத் தாயானார். சில ஆண்டுகள் புறநகர் வாழ்க்கை அமைதியாகச் சென்றது. பின்பு குடும்பம் நியூயார்க் மாநகரத்திற்குப் பெயர்ந்தது. ஆங்கே அம்மையார், ஏழைகளின் இல்லந்தோறும் சென்று பிரசவ காலத்தில் உதவும் தாதியாகப் பணிபுரியலானார்.

சட்டமும் வறுமையும்

அக்காலத்து அமெரிக்கச் சட்டத்தை இங்கு ஒரு சிறிது அறிதல் வேண்டும். 1873-இல் ஆண்டனி காம்ஸ்டாக் என்பாரின் முயற்சியால் இயற்றப்பட்ட சட்டமொன்று, ஆபாச நூல்களோடு கர்ப்பத்தடை பற்றிய நூல்களையும் சாதனங்களையும் ஒரே வரிசையில் வைத்து, அவற்றைத் தபாலில் அனுப்புதல் குற்றம் என்றது. அச்சட்டத்தை நிறைவேற்றும் அதிகாரமும் காம்ஸ்டாக்கிடமே இருந்தது. பல மாகாணங்கள் இதனினும் கடுமையான சட்டங்களை வகுத்தன. கனெக்டிகட் மாகாணமோ, கணவனும் மனைவியும் தம் இல்லத்தினுள்ளே கர்ப்பத்தடைச் சாதனத்தைப் பயன்படுத்துதலையும் குற்றமாக்கிற்று. அச்சட்டம் பிறந்த ஆண்டு 1879. நம் அம்மையார் பிறந்த ஆண்டும் அதுவே.

சட்டம் யாவர்க்கும் ஒன்றாயினும் அதன் சுமை யாவர்க்கும் ஒன்றாக இல்லை. செல்வர் வீட்டுப் பெண்டிர் தம் குடும்ப வைத்தியரிடம் மறைவாகக் கேட்டறிந்தனர். நியூயார்க்கின் கீழ்ப்பகுதியிலிருந்த நெருக்கமான குடியிருப்புகளில், பல நாடுகளிலிருந்து பிழைக்க வந்த ஏழைத் தாய்மார்க்குக் கேட்பதற்கு ஆள் இல்லை. அவர்கள் தகாத வழிகளால் கருவைச் சிதைக்க முயன்று, குருதி நஞ்சாகி மாண்டனர். அத்தகைய ஒருத்தியைப் பற்றி அம்மையார் பிற்காலத்தில் பல மேடைகளில் எடுத்துரைத்தார். 1912-இல் அவள் சாகும் தறுவாயிலிருந்து மீட்கப்பட்டாள். மறுபடியும் கருவுறாதிருக்க வழி கேட்டபோது, வைத்தியர் கணவனைக் கூரைமேல் படுத்துறங்கச் சொல்லுமாறு ஏளனமாகக் கூறிச் சென்றார். சில மாதங்களில் மீண்டும் கருவுற்று அவள் இறந்தாள். இஃது ஒருத்தியின் கதையோ, பலர் கதைகள் கூடி ஒன்றாயதோ என்று வரலாற்றாசிரியர் ஐயுறுவர். ஒருத்தியாயினும் பலராயினும், அத்தகைய மரணங்கள் அக்குடியிருப்புகளில் நிகழ்ந்தன என்பதில் ஐயமில்லை. நோயுற்றபின் ஓடிச்சென்று பணிபுரிதல் போதாது, நோய்க்கு மூலத்தையே அகற்றுதல் வேண்டும் என்று அம்மையார் உறுதி பூண்டது அக்காலத்திலேயாம்.

எழுத்துப் போர்

முதலில் எழுதுகோலையே ஆயுதமாகக் கொண்டார். 1912, 1913-ஆம் ஆண்டுகளில் நியூயார்க் கால் என்னும் தொழிலாளர் நாளிதழில், பெண் மக்கள் அறிய வேண்டிய உடற்கூற்றுச் செய்திகளைத் தொடர் கட்டுரைகளாக எழுதினார். பருவமடையும் பெண்ணுக்குத் தன் உடலில் நிகழ்வன யாவை என்று சொல்வார் இல்லாத காலம் அது. மேக நோய் பற்றிய கட்டுரையைத் தபால் இலாகா தடுத்தது. பத்திரிகை அசையவில்லை, கட்டுரையின் தலைப்பை மாத்திரம் அச்சிட்டு, தபால் இலாகாவின் ஆணையால் உள்ளே ஒன்றுமில்லை என்று காட்டி, இடத்தை வெறுமையாக விட்டு வெளிவந்தது. எழுதிய கட்டுரையைக் காட்டிலும் அவ்வெறுமையே பலரைச் சிந்திக்கச் செய்தது எனலாம்.

1914 மார்ச்சில் தாமே ஒரு திங்களிதழைத் தொடங்கினார். பிறப்புக் கட்டுப்பாடு என்று நாம் இன்று தமிழில் வழங்கும் தொடரின் ஆங்கில மூலம், அவ்வாண்டில் அவ்விதழின் வாயிலாகவே உலகிற் பரவியது. அதே ஆண்டு ஆகஸ்டில் அரசாங்கம் அவர்மீது வழக்குத் தொடுத்தது. நெடுங்காலச் சிறைவாசம் நேரும் என்பதை அறிந்த அம்மையார், கர்ப்பத்தடை முறைகளை ஒளிவு மறைவின்றி விளக்கும் சிறு நூலொன்றை எழுதி மறைவாக ஒரு லட்சம் படிகள் அச்சிடச் செய்துவிட்டு, வேற்றுப் பெயர் பூண்டு அக்டோபரில் இங்கிலாந்துக்குக் கப்பலேறினார். மூன்று குழந்தைகளையும் பிரிந்து சென்றார். அப்பிரிவுக்கு அவர் கொடுத்த விலை பெரிது. திரும்பி வந்த சில வாரங்களில், 1915 நவம்பரில், ஐந்து வயதுப் பெண் பெக்கி நிமோனியாக் காய்ச்சலால் இறந்தாள்.

ஐரோப்பாவில் கழித்த ஓராண்டு வீணாகவில்லை. ஹாலந்து தேசத்தில் அலெட்டா ஜேக்கப்ஸ் என்னும் பெண் வைத்தியர் 1882 முதலே ஏழைப் பெண்களுக்குக் கர்ப்பத்தடை கற்பித்து வந்தார். அந்நாட்டில் ருட்கர்ஸ் என்னும் வைத்தியரிடம் அம்மையார் நேரே பயின்றார். கருப்பை வாயை மூடும் ரப்பர் உறை, பெண்ணுக்குப் பெண் அளவு வேறுபடுவது; பயிற்சி பெற்றவர் அளவறிந்து பொருத்தினாலன்றிப் பயன் தாராது. நூல்களை மாத்திரம் பரப்பினால் போதும் என்றிருந்த அவர் எண்ணம் இதனால் மாறியது. வைத்திய நிலையங்கள் வேண்டும், அவற்றில் பயின்றவர் வேண்டும் என்று கண்டார்.

இதற்கிடையில் ஊரிலிருந்த கணவர், வேடமிட்டு வந்த காம்ஸ்டாக்கின் ஆள் ஒருவனிடம் அச்சிறு நூலின் படி ஒன்றைக் கொடுத்த குற்றத்துக்காக முப்பது நாள் சிறையிருந்தார். 1915 செப்டம்பரில் காம்ஸ்டாக் இறந்தார். அடுத்த மாதம் அம்மையார் திரும்பினார். மகளை இழந்த தாய்பால் நாட்டார் இரக்கம் கொண்டனர். 1916 பிப்ரவரியில் அரசாங்கம் வழக்கைக் கைவிட்டது.

ப்ரூக்ளின் நகர நிலையம்

1916 அக்டோபர் 16-ஆம் நாள், ப்ரூக்ளினில் பிரௌன்ஸ்வில் என்னும் ஏழைகள் வாழும் பகுதியில், அமெரிக்காவின் முதற் கர்ப்பத்தடை நிலையத்தை அம்மையார் திறந்தார். உடனிருந்தவர் தங்கை எத்தெல் பைரனும், பானியா மிண்டெல் என்னும் தோழியும். அப்பகுதியில் வாழ்ந்தோர் அறியும்பொருட்டு ஆங்கிலம், இத்திஷ், இத்தாலியம் ஆகிய மும்மொழிகளில் துண்டுப் பிரசுரம் வழங்கினர். கட்டணம் பத்து சென்ட். கதவு திறக்கு முன்னரே தெருவில் தாய்மார் நிரை நிரையாக நின்றனர். சிலர் கைக்குழந்தையுடனும், சிலர் சிறு வண்டிகளில் குழந்தைகளை வைத்துத் தள்ளிக்கொண்டும் வந்தனர். நோயாளிபோல் வந்த ஒரு பெண் உண்மையில் போலீஸ்காரி. பத்து நாட்களில் நிலையம் மூடப்பட்டது, மூவரும் கைதாயினர்.

எத்தெல் முதலில் தண்டிக்கப்பட்டார். சிறையில் அவர் உணவும் நீரும் மறுத்தார். அதிகாரிகள் குழாய் வழியே வலிந்து உணவு புகட்டினர். தங்கையின் உயிருக்கு அஞ்சிய மார்கரெட், இனி அவர் சட்டத்தை மீறார் என்று வாக்களித்து, மாகாண கவர்னரிடம் மன்னிப்புப் பெற்றார். தம் வழக்கிலோ அத்தகைய வாக்குக் கொடுக்க மறுத்தார். சட்டத்தை மீறேன் என்று உறுதி கூறின் விடுதலை செய்வதாக நீதிபதிகள் சொன்னபோது, இன்றுள்ள சட்டத்தை மதிக்க இயலாது என்று விடை பகர்ந்து, 1917-இல் முப்பது நாள் சிறை சென்றார்.

தோல்வியினின்றும் ஒரு வெற்றி பிறந்தது. மேல் முறையீட்டில் 1918-இல் நீதிபதி கிரேன் அம்மையாரின் தண்டனையை உறுதி செய்தார். ஆயினும், நோயைத் தீர்க்கவும் தடுக்கவும் வைத்தியர்கள் கர்ப்பத்தடை முறைகளைக் கூறலாம் என்று சட்டத்திற்கு விரிந்த பொருள் கண்டார். பூட்டிய கதவில் ஒரு சிறு விரிசல் கிடைத்தது. அதனைக் கொண்டே 1923-இல் பெண் வைத்தியரைத் தலைமையாகக் கொண்ட நிலையமொன்றை நியூயார்க்கில் அமைத்தார். அங்கு ஹன்னா ஸ்டோன் என்னும் வைத்தியர் ஆயிரக்கணக்கான பெண்களின் குறிப்புகளை முறையாகத் தொகுத்தார். 1929-இல் போலீசார் அந்நிலையத்தைச் சோதனையிட்டு நோயாளிகளின் குறிப்பேடுகளைக் கவர்ந்து சென்றனர். அதுகாறும் ஒதுங்கி நின்ற வைத்தியர் கூட்டம், நோயாளியின் இரகசியம் அழிந்ததே என்று கொதித்தெழுந்தது. வழக்கு நிலைக்கவில்லை.

1932-இல் ஜப்பான் தேசத்து வைத்தியர் ஒருவர் அனுப்பிய ரப்பர் சாதனப் பொதி ஒன்றைச் சுங்க அதிகாரிகள் பறிமுதல் செய்தனர். அப்பொதியை முன்னிட்டே வழக்கு நடந்தது. 1936-இல் மேல் நீதிமன்றம், வைத்தியர்கள் தம் தொழிலுக்காக அத்தகைய பொருள்களை வரவழைத்தல் குற்றமன்று எனத் தீர்ப்பளித்தது. அடுத்த ஆண்டு அமெரிக்க வைத்தியச் சங்கம் கர்ப்பத்தடையை வைத்தியத் துறையின் ஒரு பகுதியாக ஏற்றுக்கொண்டது.

இந்தியாவில்

1935-ஆம் ஆண்டின் இறுதியில் அம்மையார் நம் நாட்டிற்கு வந்தார். வார்தாவில் மகாத்மா காந்தியைக் கண்டு உரையாடினார். இடையறாத பிரசவத்தினின்று பெண்கள் விடுபட வேண்டும் என்பதில் இருவர்க்கும் கருத்து வேற்றுமை இல்லை. அதற்குரிய வழியிலேதான் வேறுபட்டனர். தன்னடக்கமே வழி என்றும், கணவனை மறுக்கப் பெண் கற்றல் வேண்டும் என்றும் மகாத்மா கருதினார். மறுக்கும் வலிமையோ உரிமையோ இல்லாத கோடிக்கணக்கான பெண்களுக்கு அவ்வழி எட்டாதது என்று அம்மையார் வாதித்தார். இருவரும் இணங்காமலே பிரிந்தனர். பின்னர் திருவனந்தபுரத்தில் கூடிய அகில இந்திய மாதர் மகாநாட்டில் அம்மையார் பேசினார். அம்மகாநாட்டில் பலத்த விவாதம் நடந்து, கர்ப்பத்தடைக்கு ஆதரவாகத் தீர்மானம் நிறைவேறியது. மைசூர் சமஸ்தானமோ அதற்கு முன்னரே, 1930-இல், அரசாங்க மருத்துவமனைகளில் கர்ப்பத்தடை நிலையங்களைத் திறந்துவிட்டது.

1952-இல் பம்பாயில் அனைத்துலகக் குடும்பத் திட்ட மகாநாடு கூடியது. உலகளாவிய சங்கம் ஒன்று ஆங்கே நிறுவப்பட்டது. அதன் தலைமையை மார்கரெட் சாங்கரோடு பகிர்ந்துகொண்டவர், சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்று இராணி மேரி கல்லூரியில் ஆசிரியராயிருந்த தன்வந்தி இராமராவ் அம்மையார் என்பது நாம் நினைவிற் கொள்ளத்தக்கது.

மாத்திரையின் பிறப்பு

ரப்பர் உறைக்குப் பொருத்துவார் வேண்டும், மறைவிடம் வேண்டும், பல வேளைகளில் கணவன் இசைவும் வேண்டும். பெண் ஒருத்தி தானே விழுங்கத்தக்க மாத்திரை ஒன்று இருத்தலாகாதா என்பது அம்மையாரின் நெடுநாட் கனவு. எழுபது வயதைக் கடந்தபின் அக்கனவை நனவாக்க முயன்றார். கிரெகரி பிங்கஸ் என்னும் உயிர்நூல் அறிஞரைத் தூண்டினார். கேதரின் மெக்கார்மிக் என்னும் செல்வச் சீமாட்டியை 1953-இல் அவருடைய ஆராய்ச்சிச் சாலைக்கு அழைத்துச் சென்றார். அச்சீமாட்டி ஏறக்குறைய 20 லட்சம் டாலரைத் தம் கைப்பொருளினின்றும் ஈந்தார். சீன அறிஞர் சாங், பெண் நோய் வைத்தியர் ஜான் ராக் ஆகியோர் உழைத்தனர். 1960-இல் அமெரிக்க அரசாங்கம் கர்ப்பத்தடை மாத்திரைக்கு அனுமதி வழங்கியது. ஆயினும் அம்மாத்திரை போர்ட்டோ ரிக்கோத் தீவின் ஏழைப் பெண்கள்மீது 1956 முதல் சோதிக்கப்பட்டபோது, அது சோதனை என்பது அவர்களுக்குச் செவ்வையாக உணர்த்தப்படவில்லை. அவர்கள் கூறிய உடற்கோளாறுகளும் போதியவாறு பொருட்படுத்தப்படவில்லை. பெண்ணின் உரிமைக்காகப் பிறந்த மருந்தின் பிறப்பிலேயே பெண்ணின் உரிமை புறக்கணிக்கப்பட்டது வருந்தத்தக்கது.

குறையும் நிறையும்

அம்மையாரின் பெருங்குறை ஒன்றுண்டு. மனித இனத்தைத் தேர்ந்தெடுத்து வளர்க்கலாம் என்று அக்காலத்தில் அறிஞர் பலரும் நம்பிய கொள்கையை அவரும் மேற்கொண்டார். மனவளர்ச்சி குன்றியோர் எனக் கருதப்பட்டவர்க்கு மக்கட்பேற்றைத் தடுத்தல் தகும் என்று எழுதினார். 1926-இல் நிறவெறிச் சங்கமாகிய கூ கிளக்ஸ் கிளானின் மாதர் கிளையிலும் சென்று பேசினார். எவர் குழந்தை பெறலாம், எவர் பெறலாகாது என்பதைப் பிறர் முடிவு செய்யும் கொள்கை, ஒவ்வொரு பெண்ணும் தானே முடிவு செய்தல் வேண்டும் என்னும் அவர் கொள்கைக்கே நேர்மாறானது. அவர் தோற்றுவித்த இயக்கத்தின் வழிவந்த நியூயார்க் ஸ்தாபனமே, இக்காரணம் பற்றி, 2020-இல் தன் நிலையத்தினின்றும் அவர் பெயரை நீக்கியது. இதை அறிந்த பின்னும், பிரௌன்ஸ்வில் தெருவில் நிரையாக நின்ற தாய்மாருக்கு அவர் ஆற்றிய உதவி இல்லையாகிவிடாது. அவர் ஆற்றிய உதவியால் இக்குறையும் மறைந்துவிடாது.

1965 ஜூனில் அமெரிக்கத் தலைமை நீதிமன்றம், அவர் பிறந்த ஆண்டிற் பிறந்த கனெக்டிகட் சட்டத்தைத் தள்ளியது. அம்மையார் 1966 செப்டம்பர் 6-ஆம் நாள் அரிசோனா மாகாணத்து டூசான் நகரில் காலமானார்.

அவர்க்குப் பின்

கனெக்டிகட் தீர்ப்பு மணமானவர்க்கே உரிமை தந்தது. 1972-இல் மணமாகாதவர்க்கும் அவ்வுரிமை நீண்டது. பதினாறு வயதுக்குட்பட்டோர்க்குக் கர்ப்பத்தடைப் பொருள் விற்றலாகாது என்ற நியூயார்க் சட்டத்தை 1977-இல் நீதிமன்றம் செல்லாதாக்கியது. அதற்குப்பின் எழுந்ததே அவசர கருத்தடை மாத்திரையின் வழக்கு. 1974-இல் கனடா நாட்டு வைத்தியர் யூஸ்பி, புணர்ச்சிக்குப் பின் உட்கொள்ளத்தக்க முறை ஒன்றை வெளியிட்டார். பின்னர் லெவோநார்ஜெஸ்ட்ரல் என்னும் ஒரே மருந்தால் அது செம்மையுற்றது. அம்மருந்து சினைமுட்டை வெளிப்படுதலைத் தாமதிக்கச் செய்வது. முன்னரே தரித்த கருவை அது கலைப்பதில்லை. 72 மணி நேரத்துக்குள், எவ்வளவு விரைவில் உட்கொள்ளப்படுமோ அவ்வளவு பயன் தருவது. ஆகவே, அதற்கு வைத்தியர் சீட்டு வேண்டும் என்று விதிப்பது, கிடைக்கும் மருந்தையே கிடையாததாக ஆக்குவதாகும். விடுமுறை நாளில் வலுவந்தத்துக்கு ஆளான ஒரு பெண்ணோ, வீட்டாரிடம் வாய்திறக்க அஞ்சும் ஒரு சிறுமியோ, வைத்தியரைத் தேடிக் காணுமுன் காலம் கடந்துவிடும்.

அமெரிக்காவில் அம்மாத்திரை 1999-இல் சீட்டின்பேரில் விற்பனைக்கு வந்தது. 2003-இல் அரசாங்கத்தின் அறிஞர் குழுவே சீட்டின்றி விற்கலாம் என்று பெரும்பான்மையாகக் கூறியும், அதிகாரிகள் மறுத்தனர். 2006-இல் பதினெட்டு வயதினர்க்கும், 2009-இல் பதினேழு வயதினர்க்கும் வழி திறந்தது. 2011-இல் வயது வரம்பை அகற்ற மருந்து அதிகாரிகள் இசைந்தபோது, சுகாதார மந்திரி தடுத்தார். 2013-இல் நீதிமன்ற ஆணைக்குப் பின்னரே வயது வரம்பு முற்றிலும் நீங்கியது. மூன்று நாளில் பயன்படவேண்டிய மருந்து, கேட்பவள் கைக்கு எட்டப் பதினான்கு ஆண்டுகள் ஆயின.

இவ்வழக்கு நடந்தபோது சாங்கர் அம்மையார் மறைந்து நெடுங்காலம் ஆகிவிட்டது. எனினும் அவ்வாதத்தில் எழுந்த வினா, 1916-இல் அவர் எழுப்பிய வினாவே. பயன்படும் அறிவு உலகில் உளதாகியும், அதனை வேண்டுபவள் கைக்கு உரிய வேளையில் எட்டாதாயின், அவ்வறிவு அவளளவில் இல்லாததே அன்றோ? நாளை வைத்தியராகவும், ஆசிரியராகவும், மருந்துக் கடைக்காரராகவும், நீதிபதியாகவும் அமரப்போகும் மாணவ மாணவியர் ஒவ்வொருவரும் ஏதேனும் ஒரு கதவின் பக்கத்தே நிற்பர். அக்கதவை நாடி அஞ்சிய முகத்தோடு ஒரு பெண் வரும்போது, ஏளனமும் வினாவும் இன்றி அதனை வேளையில் திறத்தல் அவர் கடனாகும்.